நீட்டில் 168, படுக்கையில் அப்பா: டாக்டர் ஆக முடியுமா?

ஒரு மாணவி எழுதிக் கேட்டிருக்கிறாள். ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. பிற்படுத்தப்பட்ட வகுப்பு. பிளஸ் டூவில் 600-க்கு 344. அதில் இயற்பியல் 52, வேதியியல் 58, உயிரியல் 61. 2025 நீட் தேர்வில் 168. அப்பா கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்து ஒரு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். அம்மா நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போகிறார். தம்பி ஒன்பதாவது. "இந்த மார்க்கை வைத்துக்கொண்டு டாக்டர் ஆகணும்னு சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள் சார். பேசாமல் பனியன் கம்பெனிக்குப் போய்விடட்டுமா?" என்று முடித்திருக்கிறாள்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இருபத்தாறு வருடம் விலங்கியல் நடத்தியவன். ஓய்வு பெற்ற பிறகும் சான்றிதழ், கலந்தாய்வு என்று பிள்ளைகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன் கண்ணு.

முதலில் அந்த 344-ஐ மறந்துவிடு. தமிழ்நாட்டில் 2007 முதல் 2016 வரை மருத்துவ இடங்கள் பிளஸ் டூ மார்க்கை வைத்து நிரப்பப்பட்டன. அந்தக் காலத்தில் நீ இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் நானே வேறு வழி பார் என்றிருப்பேன். 2017-இல் நீட் வந்த பிறகு பிளஸ் டூ மார்க் வெறும் வாசற்படி. இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்துப் பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினருக்கு 40 சதவீதம் இருந்தால் போதும். உனக்கு 300-க்கு 171, அதாவது 57 சதவீதம். படியைத் தாண்டிவிட்டாய். உள்ளே போன பிறகு அந்த மார்க்கை யாரும் கேட்கப்போவதில்லை. நீட் நம் பிள்ளைகளுக்குச் செய்த கேடுகளைப் பற்றி நான் மணிக்கணக்கில் பேசுவேன். ஆனால் பிளஸ் டூவில் சறுக்கியவர்களுக்கு அது தெரியாத்தனமாக ஒரு கதவைத் திறந்து வைத்திருப்பதும் உண்மை.

இன்னொன்று, நீ 2025 நீட்டில் தோற்கவில்லை. அந்த வருடம் தகுதி மதிப்பெண் பொதுப்பிரிவுக்கு 144, இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 113. ஆக, நீ தகுதி பெற்றவள். தகுதி என்பது வேறு, இடம் என்பது வேறு. இந்த வித்தியாசத்தில்தான் பல குடும்பங்களின் நிலம் போயிருக்கிறது. அந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

நீ அனுப்பியிருந்த விடைத்தாள் நகலை இரண்டு ராத்திரி வைத்துக்கொண்டு பார்த்தேன். விடைக்குறிப்போடு ஒப்பிட்டதில் கணக்கு இப்படி வருகிறது (சரியான விடைக்கு 4 மார்க், தவறுக்கு 1 கழியும்). உயிரியலில் 90 கேள்விக்கு 40 சரி, 28 தவறு, 22 தொடவில்லை: 132 மார்க். வேதியியலில் 11 சரி, 12 தவறு: 32. இயற்பியலில் 36 கேள்விக்கு விடை குறித்து 8 மட்டும் சரி: 32-இலிருந்து 28 போய் மீதி 4. எல்லாம் சேர்ந்துதான் 168.

அந்த இயற்பியலைக் கொஞ்சம் பார். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தால்கூட 36-இல் சராசரியாக 9 சரியாகியிருக்கும். உனக்கு 8. இது துரதிர்ஷ்டம் இல்லை. அரைகுறையாகத் தெரிந்தவர்கள் எந்த இடத்தில் தப்பு செய்வார்கள் என்று பார்த்துத்தான் மற்ற மூன்று விடைகளையும் எழுதி வைப்பார்கள். அலகை மாற்ற மறந்தால் ஒரு விடை, வர்க்கத்தை விட்டுவிட்டால் ஒரு விடை. நீ ஒவ்வொன்றிலும் போய் விழுந்திருக்கிறாய். ஒன்றுமே தெரியாதவனை விட அரைகுறையாகத் தெரிந்தவனுக்குத்தான் இந்தத் தேர்வில் அடி அதிகம். ஆகவே இயற்பியலில் உன் முதல் வேலை நிறைய எழுதுவது இல்லை, குறைவாக எழுதுவது. அலகுகள், நவீன இயற்பியல், குறைகடத்தி, வெப்ப இயக்கவியல், மின்னோட்டம் என்று ஒரு பத்துப் பாடத்தை மட்டும் எடு. அதில் பதினைந்து கேள்வி சரியாக வந்தால் போதும்.

உன் சொத்து உயிரியல். 720-இல் 360 அதில்தான் இருக்கிறது. நீ தவறாக எழுதிய 28-இல் பெரும்பாலானவை பிளஸ் ஒன் பாடம். அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பிளஸ் ஒன்னை ஒப்புக்கு நடத்திவிட்டு பிளஸ் டூவுக்கு ஓடுகிற பழக்கம் நம் ஊரில் ரொம்ப நாளாக உண்டு. அதைத் தடுக்கத்தான் 2018-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். அப்படியும் பல இடங்களில் நடத்தியது நடத்தியதுதான். (ஒரு ஆசிரியனாக இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.) நீட்டில் பாதிக்குப் பாதி பிளஸ் ஒன் பாடத்திலிருந்து வரும்.

இப்போது ஒரு கணக்கு போட்டுப் பார். உயிரியலில் 75 சரி, 10 தவறு: 290. வேதியியலில் 25 சரி, 8 தவறு: 92. இயற்பியலில் 15 சரி, 5 தவறு: 55. மொத்தம் 437. இதில் இயற்பியலில் மூன்றில் ஒரு பங்குதான் உனக்குத் தெரிந்திருக்கிறது, வேதியியலில் பாதியைக் கொஞ்சம் தாண்டி. 168-லிருந்து 437 என்று சொன்னால் ஊர் சிரிக்கும். உயிரியலில் இன்னும் 35 கேள்வி என்று சொன்னால் அது ஒரு வருட வேலை, அவ்வளவுதான். 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்களின் பட்டியலில் முதலிடம் பிடித்த பையன் 664 எடுத்தான். அதற்கு முந்தின வருடம் அவன் 200-ஐக்கூடத் தொடவில்லை. எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் முறை எடுத்த மார்க்கை வைத்து ஒரு பிள்ளையை முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இது போதும்.

சரி, இந்த மார்க் வந்தால் இடம் கிடைக்குமா? கட்டாஃப் வருடா வருடம் மாறுகிறது, வகுப்புக்கு வகுப்பு மாறுகிறது. அதனால் நான் எண் சொல்ல மாட்டேன். ஆனால் நீ நிற்கிற வரிசை வேறு என்பதைத் தெரிந்துகொள். நீட் வந்த முதல் சில வருடங்களில் அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஓய்வு பெற்ற நீதிபதி கலையரசன் தலைமையிலான குழு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 10 சதவீத உள்ஒதுக்கீடு கொடுக்கச் சொன்னது. அரசு 7.5 சதவீதம் என்று முடிவு செய்து 2020-இல் சட்டம் போட்டது. முதல் வருடமே எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம் இரண்டிலும் சேர்த்து 405 இடம். 2022 ஜனவரியில் விருதுநகர், நாமக்கல், திருப்பூர், அரியலூர் உட்பட ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்த பிறகு இடங்கள் இன்னும் கூடின. இப்போது அறுநூறுக்கு மேல். இந்த இடங்களுக்கு நீ போட்டி போடுவது சென்னையில் லட்ச லட்சமாகக் கட்டிப் படித்தவர்களோடு இல்லை, உன்னைப் போன்ற பிள்ளைகளோடு. வழக்கமான 69 சதவீத வகுப்புவாரி ஒதுக்கீடு இதற்குள்ளேயும் உண்டு.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளி கணக்கில் வராது. கட்டாயக் கல்விச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. இரண்டு வருடம் மட்டும் உதவி பெறும் பள்ளியில் படித்துவிட்டு, கலந்தாய்வு நேரத்தில் அது தெரிந்து அழுத பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். உனக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் நடுநிலைப் பள்ளி ஒன்று, மேல்நிலைப் பள்ளி ஒன்று என இரண்டு இடத்தில் படித்திருந்தால் இரண்டு தலைமையாசிரியர்களிடமும் இப்போதே சான்று வாங்கி வை. மே மாதம் லீவில் அவர்களைப் பிடிக்க முடியாது.

பணத்துக்கு வருவோம். 7.5-இல் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. தனியார் கல்லூரியில் கிடைத்தாலும் அப்படித்தான். இதை உன் அம்மாவிடம் இரண்டு முறை சொல். 2020-இல் முதல் கலந்தாய்வு நடந்தபோது இந்த அறிவிப்பு வரவில்லை. தனியார் கல்லூரியில் வருடத்துக்கு நாலு லட்சத்துக்கு மேல் என்றதும் சில பிள்ளைகள் கைக்கு வந்த இடத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். சில நாளில் அரசே கட்டும் என்று அறிவித்தார்கள். தெரியாததால் போன இடங்கள் அவை. இது தவிர, அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகள் உயர்கல்விக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். விடுதியில் சோப்புக்கும் பேனாவுக்கும் அம்மாவிடம் கேட்க வேண்டியிருக்காது.

ஆக, மார்க்கும் தடை இல்லை, கல்லூரிக் கட்டணமும் தடை இல்லை. அப்புறம் என்ன தடை? அந்த ஒரு வருடம். இன்றிலிருந்து அடுத்த மே வரை உன் வீட்டில் யார் சோறு போடுவது? இதற்குப் பதில் சொல்லாமல் "உழைத்தால் முடியும்" என்று பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. நான் பார்த்தவரை, நம் பிள்ளைகள் புத்தி குறைந்து நின்றதில்லை. தீபாவளிக்கு முன்னால் வீட்டில் அரிசி தீர்ந்து, "ரெண்டு மாசம் மட்டும்" என்று கம்பெனிக்குப் போவார்கள். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தால் புத்தகத்தைப் பிரித்தவுடன் தூக்கம். பொங்கலுக்கு நோட்டைத் தொடுவார்கள், எல்லாம் மறந்திருக்கும்.

அதனால் முதலில் அப்பாவின் பக்கம் என்ன வாங்க முடியும் என்று பார். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் பதிந்திருக்கிறாரா? மேஸ்திரி எப்போதோ போட்டோ வாங்கிக்கொண்டு போய்ப் பதிந்துவிட்டு, அட்டை டிரங்குப் பெட்டியில் கிடக்கும். தேடு. விபத்தில் ஊனம் என்றால் உதவித்தொகை உண்டு, பிள்ளைகளின் படிப்புக்கும் உண்டு. உனக்கும் தம்பிக்கும் தனித்தனியாக. பதிவைப் புதுப்பிக்கவில்லை என்றால் தொழிலாளர் அலுவலகத்தில் நேரில் போய்க் கேள். அடுத்தது முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறாயே, அதற்குக் கடன் வாங்குவதற்கு முன் இந்த அட்டையோடு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போ.

இரண்டாவது, நீ முழு நேர வேலைக்குப் போகாதே, சும்மாவும் இருக்காதே. சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழரை வரை உன் தெருவில் ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளைகளுக்கு டியூஷன் எடு. பத்துப் பிள்ளைகள் வந்தால் வீட்டுக் காய்கறிக்கும் பாலுக்கும் ஆயிற்று. அறிவியலை வாய்விட்டுச் சொல்லிக் கொடுத்தால் உனக்கும் நிற்கும். பகல் முழுக்க உன்னுடையது. அம்மாவை உட்கார வைத்து, "அடுத்த மே வரை என்னை வேறு எதற்கும் அனுப்பாதே" என்று தேதி சொல்லி வாக்கு வாங்கு. கல்யாணப் பேச்சையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கோச்சிங் பற்றிக் கேட்டிருந்தாய். விடுதியோடு சேர்த்தால் லட்சத்தைத் தாண்டும். ஸ்காலர்ஷிப் டெஸ்ட் என்று ஒன்று வைத்து எல்லாருக்கும் "உங்களுக்கு 40 சதவீதம் தள்ளுபடி" என்று போன் செய்வார்கள். அதில் மயங்காதே. பழைய மாணவி ஒருத்தி, செங்கல் சூளையில் வேலை செய்தவரின் மகள், அப்படி ஒரு இடத்தில் தோட்டை அடகு வைத்துச் சேர்ந்தாள். முதல் மாதத் தேர்வில் மார்க் குறைந்ததும் கடைசி பேட்சில் தள்ளிவிட்டார்கள். அங்கே பாதி நாள் ஆசிரியரே வரவில்லை. நவம்பரில் திரும்பி வந்து, எங்கள் பள்ளி ஆய்வகத்தின் பின்பக்க பெஞ்சில் உட்கார்ந்து பழைய கேள்வித்தாள்களைப் போட ஆரம்பித்தாள். முதல் முறை 139. இரண்டாவது முறை 290. மூன்றாவது முறைதான் பட்டியலில் பெயர் வந்தது. நீ போகாதே என்று சொல்லவில்லை. இலவசமாக அரசோ அறக்கட்டளையோ நடத்துவது கிடைத்தால் போ. கடன் வாங்கிப் போகாதே. போனில் இலவசப் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. உனக்கு இல்லாதது பாடம் இல்லை, வாரம் ஒரு முறை மூன்று மணி நேரம் உட்கார்ந்து 180 கேள்வி எழுதுகிற பழக்கம்தான். நீட் மத்தியானம் இரண்டு மணிக்கு நடப்பது. நீயும் ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கே எழுது. வெயிலில், சாப்பிட்ட மயக்கத்தில் எழுதிப் பழகு.

தமிழில் எழுதலாமா என்றால், தாராளமாக எழுது. ஆனால் கேள்வித்தாளில் ஆங்கிலமும் பக்கத்திலேயே இருக்கும், முரண்பாடு வந்தால் ஆங்கிலம்தான் செல்லும். 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போய், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. எனவே ஒவ்வொரு கலைச்சொல்லையும் இரண்டு மொழியிலும் நோட்டில் எழுது. இது நீட்டுக்கு மட்டும் இல்லை. நான் சொன்ன அந்த மாணவி முதல் வருடம் சேர்ந்த மூன்றாவது வாரம் போன் செய்து, "சார், பிணத்தைப் பார்த்துப் பயமில்லை, புத்தகத்தைப் பார்த்துத்தான் பயமா இருக்கு" என்றாள். முழுக்க ஆங்கிலம், ஒரு பக்கத்துக்கு நாற்பது புதுச் சொல். முதல் தேர்வில் உடற்கூறியலில் ஃபெயில். முதல் வருடப் பாடங்களை அதிகபட்சம் நான்கு முயற்சியில், நான்கு வருடத்துக்குள் தேற வேண்டும் என்று விதி இருப்பதால் அவளுக்கு உதறல். அறைத்தோழி தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் வாசித்துக் காட்டி, இரண்டாவது முறை தேறிவிட்டாள்.

இப்போது அந்த நிலம் போகிற விஷயம். நீ தகுதி பெற்றதால் உன் எண் யார் யார் கையிலோ போயிருக்கும். "ஜார்ஜியா, கிர்கிஸ்தான், பிலிப்பைன்ஸ், மொத்தமே இருபது லட்சம், லோன் நாங்களே வாங்கித் தருகிறோம்" என்று போன் வரும். வெளிநாட்டுக்குப் போக நீட் தகுதி போதும் என்பது நிஜம். ஆனால் படித்துவிட்டு வந்து இங்கே தகுதித் தேர்வு ஒன்றில் 300-க்கு 150 எடுத்தால்தான் டாக்டர். எழுதுகிறவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கே தேறிய சுற்றுகள் உண்டு. 2021 நவம்பருக்குப் பிறகு வந்த விதிப்படி 54 மாதப் படிப்பு, அங்கே ஒரு வருடப் பயிற்சி, அப்புறம் இங்கேயும் ஒரு வருடம். வீட்டில் சம்பாதிக்கிறவர் இல்லாதபோது இந்தச் சூதாட்டம் வேண்டாம். உள்ளூரில் "நிர்வாக ஒதுக்கீட்டில் சீட் வாங்கித் தருகிறேன்" என்று ஒருவர் வருவார். அந்த இடமும் நீட் தர வரிசைப்படி கலந்தாய்வில்தான் நிரம்புகிறது. முன்பணம் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடு.

எத்தனை முறை எழுதலாம்? விதிப்படி முயற்சிக்கும் எல்லை இல்லை, வயதுக்கும் உச்சவரம்பு இல்லை. என் கணக்கில் இரண்டு. இந்த வருடம் முழு மூச்சாக ஒன்று. 350-ஐத் தாண்டியும் இடம் நழுவினால் இன்னொன்று. 250-க்குக் கீழேயே நின்றால் அடுத்த வருடத்தை இதில் போடாதே. நாலைந்து வருடம் எழுதி, இருபத்து மூன்று வயதில் பிளஸ் டூ சான்றிதழோடு நிற்கிற பிள்ளைகளையும் நான் பார்க்கிறேன். அவர்களைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லை.

கூடவே பக்கத்து வழிகளுக்கும் விண்ணப்பம் போடு. நீட் மார்க்கை வைத்தே சித்த மருத்துவம், ஓமியோபதி கிடைக்கும். பாளையங்கோட்டையிலும் சென்னை அரும்பாக்கத்திலும் அரசு சித்த மருத்துவக் கல்லூரி, திருமங்கலத்தில் அரசு ஓமியோபதிக் கல்லூரி. நர்சிங், பிசியோதெரபி, பாராமெடிக்கல் படிப்புகளையும் பார். கால்நடை மருத்துவம் மட்டும் உனக்குக் கஷ்டம், அது பிளஸ் டூ மார்க்கில் நிரம்புவது. எதில் சேர்ந்தாலும் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுக்கும் முன் இரண்டு செட் ஜெராக்ஸ் எடு, இடையில் விலகினால் என்ன கட்ட வேண்டும் என்று எழுத்தில் கேள். சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு நாலு வருடக் கட்டணம் கேட்கிற கல்லூரிகள் இருக்கின்றன.

நடுவில் மனசு ரொம்பக் கனத்தால், அம்மாவிடம் சொல்ல முடியாத எண்ணம் வந்தால், 104-க்கோ 14416-க்கோ போன் போடு. ராத்திரியிலும் எடுப்பார்கள். எனக்கும் போடலாம்.

நாளைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, உயிரியலில் தவறான அந்த 28 கேள்விகளையும் உன் கையால் எழுது. ஒவ்வொன்றுக்கும் கீழே, அது பாடநூலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, நீ ஏன் மாற்றிக் குறித்தாய் என்று ஒரு வரி. "தெரியாது" என்றால் தெரியாது என்றே எழுது. "கேள்வியில் 'தவறான கூற்று' என்றிருந்ததைக் கவனிக்கவில்லை" என்றால் அதையே எழுது. முடித்ததும் படம் பிடித்து அனுப்பு கண்ணு, எந்தப் பாடத்திலிருந்து ஆரம்பிப்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.